ராஜா இங்கே உட்காருவார்

செஞ்சிக் கோட்டையில் கல்யாண மகால் எதிரே ஒரு காட்சியை நினைத்துப் பாருங்கள். உள்ளூர் வழிகாட்டி ஒருவர் வெளிநாட்டுத் தம்பதிக்கு இடத்தைக் காட்டிக்கொண்டிருக்கிறார். "த கிங் வில் சிட் ஹியர். த குயீன்ஸ் வில் பேத் தேர்." வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். ராஜா வரப்போகிறாரா? எத்தனை மணிக்கு?

செஞ்சியில் மட்டும் கேட்கிற இங்கிலீஷ் அல்ல இது. மாமல்லபுரத்திலும் தஞ்சாவூர்ப் பெரிய கோயிலிலும் கேட்கலாம். இதைப் பேசுகிறவருக்கு இலக்கணம் தெரியாது என்று சிரிப்பது தவறு. அவருக்கு இலக்கணம் நன்றாகவே தெரியும். ஆனால் அது தமிழ் இலக்கணம். அவர் மனசுக்குள் ஓடிய வாக்கியம் "ராஜா இங்கே உட்காருவார், ராணிகள் அங்கே குளிப்பார்கள்" என்பது. அதில் ஒரு பிழையும் இல்லை. "அந்தக் காலத்துல" என்று ஆரம்பித்துவிட்டால் வீட்டுப் பாட்டியும் இப்படித்தான் பேசுவாள்: "எங்கப்பா விடியக்காலையில எழுந்திருப்பாரு, ஏர் பூட்டுவாரு, வெயில் ஏறுறதுக்குள்ள திரும்பிடுவாரு." அப்பா போய் நாற்பது வருஷம் ஆகியிருக்கும். கேட்கிற பேரனுக்குக் குழப்பமே வராது.

உட்காருவார் என்பதில் உள்ள 'வ்', குளிப்பார்கள் என்பதில் உள்ள 'ப்', இரண்டையும் எதிர்கால இடைநிலை என்று பள்ளியில் படித்தோம். உண்மையில் அவை எதிர்காலத்தோடு வழக்கத்தையும் காட்டுகின்றன. ஒருவர் தினமும் செய்வது, ஒரு காலத்தில் வழக்கமாகச் செய்துவந்தது எல்லாவற்றுக்கும் தமிழில் அந்த எழுத்துகளே போதும். ஆங்கில 'வில்' பெரும்பாலும் இனி நடக்கப்போவதற்கு உரியது. முன்பு வழக்கமாக நடந்து இப்போது நின்றுபோனதற்கு அங்கே வேறு சொல் இருக்கிறது: 'யூஸ்டு டு'. "த கிங் யூஸ்டு டு சிட் ஹியர்" என்றால் தம்பதி தலையாட்டியிருப்பார்கள். 'வில்' என்பதன் இறந்தகால வடிவமான 'வுட்' என்பதும் இந்த வேலையைச் செய்யும். இன்றைக்கும் தொடர்கிற வழக்கத்துக்குச் சாதாரண நிகழ்காலம்: "அவர் தினமும் கோட்டைக்குப் போவார்" என்பது "ஹி கோஸ் டு த ஃபோர்ட் எவ்ரி டே". தமிழில் எதிர்காலம், அங்கே நிகழ்காலம்.

2025 ஜூலையில் மராத்தியர் காலக் கோட்டைகள் 12-ஐ யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. 11 மகாராஷ்டிரத்தில் உள்ளவை. தமிழ்நாட்டிலிருந்து செஞ்சி ஒன்றுதான். ஆகவே வெளிநாட்டவரிடம் பேசும் இந்த இங்கிலீஷ் இனி செஞ்சிக்கு வயிற்றுப்பாட்டு விஷயமும்கூட.

ஆங்கிலக் காலங்கள் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது 12 கட்டம் போட்ட அட்டவணை. மூன்று காலம், ஒவ்வொன்றிலும் நான்கு வகை. மனப்பாடம் செய்தோம், ஒப்பித்தோம், பரீட்சை முடிந்ததும் மறந்தோம். என்னைக் கேட்டால் அந்த அட்டவணையால் கெடுதல்தான் அதிகம். பன்னிரண்டும் ஒரே அளவு முக்கியம், பன்னிரண்டும் நமக்குப் புதிது என்ற எண்ணத்தை அது உண்டாக்கிவிடுகிறது. இரண்டும் உண்மையில்லை.

இந்தச் சொற்களைப் பாருங்கள்: கட்டினார்கள், கட்டிக்கொண்டிருந்தார்கள், கட்டியிருந்தார்கள். முதலாவது, வேலை நடந்தது என்று மட்டும் சொல்கிறது. இரண்டாவது, அப்போது வேலை நடந்தபடியே இருந்ததைக் காட்டுகிறது. மூன்றாவது, வேறு ஏதோ நடக்கும் முன்பே இது முடிந்துவிட்டது என்கிறது. ஆங்கிலத்தில் இவை 'பில்ட்', 'வேர் பில்டிங்', 'ஹேட் பில்ட்'. நமது 'கொண்டிரு' செய்கிற வேலையை அங்கே 'இங்' செய்கிறது. வினையெச்சத்தோடு ஒட்டும் நமது 'இரு' செய்கிற வேலையை 'ஹேவ்' செய்கிறது. நாலாவது கட்டமான 'ஹேட் பீன் பில்டிங்' என்பதற்குத் தமிழில் வழக்கமான ஒரு வடிவம் கிடையாது. ஆங்கிலேயருக்கும் அது அடிக்கடி தேவைப்படாது. அட்டவணையின் பெரும்பகுதி, பள்ளிக்கூடம் போகாத பாட்டியின் வாயிலேயே இருக்கிறது.

வித்தியாசம் வேறு இடத்தில். 'கட்டிக்கொண்டிருந்தார்கள்' என்ற நீண்ட சொல்லில் காலம் எங்கே உட்கார்ந்திருக்கிறது? கடைசியில், 'இருந்தார்கள்' என்பதில். முன்னால் உள்ள 'கட்டிக்கொண்டு' அசையாது. 'கட்டிக்கொண்டிருக்கிறார்கள்', 'கட்டிக்கொண்டிருப்பார்கள்' என்று வால் மட்டும் மாறும். ஆங்கிலத்தில் நேர்தலைகீழ். 'வேர் பில்டிங்', 'ஆர் பில்டிங்', 'வில் பி பில்டிங்': தலை மாறுகிறது, 'பில்டிங்' அப்படியே நிற்கிறது. தமிழ் காலத்தை வினைத்தொடரின் கடைசிச் சொல்லில் வைக்கும். ஆங்கிலம் முதல் சொல்லில் வைக்கும்.

இது ஒன்றைப் பிடித்துக்கொண்டால் பாதிப் பிழைகள் தாமாக உதிர்ந்துவிடும். "டிட் யூ கேம்?" என்று கேட்கிறோமே, அது ஏன் தப்பு? 'டிட்' முதல் வினை. இறந்தகாலத்தை அது வாங்கிக்கொண்டுவிட்டது. அடுத்து வருகிற 'கம்' வெறும் வினையாகத்தான் நிற்க வேண்டும். "ஐ டிட் நாட் வெண்ட்" என்பதும் அதே கதை. தமிழில் "நான் போனேனவில்லை" என்று யாராவது சொல்வார்களா? "போகவில்லை" என்போம். தமிழிலும் ஒரு வினைத்தொடரில் காலத்தை இரண்டு இடத்தில் வைக்க முடியாது.

அங்கே வருகிற 'வெண்ட்' பற்றி ஒரு சேதி. அது 'கோ'வின் சொந்தப் பிள்ளை அல்ல. 'வெண்ட்' (went) என்பது 'வெண்டு' (wend) என்ற வேறொரு பழைய வினையின் இறந்தகாலம். வழக்கில் அந்தப் பழைய வினை தேய்ந்துபோக, அதன் இறந்தகாலத்தை மட்டும் 'கோ' தத்தெடுத்துக்கொண்டது. கோ-வெண்ட்-கான், ஸ்டேண்ட்-ஸ்டுட்-ஸ்டுட் என்று பாட்டாகப் படித்த ஒழுங்கற்ற வினைகள் ஆங்கிலத்தில் சுமார் 200 இருக்கும். இவற்றுக்குக் குறுக்குவழி இல்லை. அன்றாடம் வாயில் புரளும் சொற்கள் விதிக்கு அடங்குவதில்லை. தமிழிலும் சா என்ற வினை செத்தான் ஆகிறது, கேள் கேட்டான் ஆகிறது, காண் கண்டான் ஆகிறது. தமிழ் கற்கிற வெளிநாட்டுக்காரரைக் கேட்டால் அழுவார்.

இனி வினை வகைகள். செயல் வினை, நிலை வினை, துணை வினை, செயப்படுபொருள் வேண்டும் வினை, வேண்டா வினை என்று பாடநூல் அடுக்கும். நமக்குச் சிக்கல் கொடுப்பவற்றை மட்டும் பார்த்தால் போதும்.

முதலில் 'ஈஸ்'. "இது கோட்டை" என்றால் தமிழில் வாக்கியம் முடிந்தது, வினை வேண்டியதில்லை. செஞ்சிக்குப் பக்கத்தில், சிங்கவரத்தை ஒட்டித் திருநாதர்குன்று இருக்கிறது. பாறையில் 24 சமணத் தீர்த்தங்கரர் உருவங்கள் செதுக்கப்பட்ட இடம். அங்குள்ள பழைய கல்வெட்டு ஒன்று, 57 நாள் உண்ணாமல் நோன்பிருந்த சந்திரநந்தி என்ற ஆசிரியரின் நினைவிடம் என்ற சேதியைச் சொல்லிவிட்டு நின்றுவிடுகிறது. வினைமுற்றே இல்லை, ஆனாலும் சேதி முழுசாக இருக்கிறது. அதை ஆங்கிலத்தில் வாக்கியமாக்கப் போனால் "திஸ் ஈஸ்" என்று தொடங்கியாக வேண்டும். வினை இல்லாத முழு வாக்கியத்தை ஆங்கிலம் சாதாரணமாக ஒப்புக்கொள்ளாது. அதனால்தான் அவசரத்தில் நாம் "மை பிரதர் டீச்சர்" என்று சொல்லிவிட்டு நடுவில் எதையோ விட்டுவிட்டதாக உணர்கிறோம்.

அடுத்தது, செயப்படுபொருளை ஏற்கும் வினையும் ஏற்காத வினையும். இதில் தமிழ் பணக்கார மொழி. உருண்டது, உருட்டினார்கள், ஏறினார்கள், ஏற்றினார்கள், திரும்பியது, திருப்பினார்கள். தானாக நடந்ததா, ஒருவர் நடத்தினாரா என்பது வினையிலேயே தெரிந்துவிடும். செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலையுச்சியில் ஒரு பீரங்கி கிடக்கிறது. அது உருண்டாலும் 'ரோல்டு', அதை நாலு பேர் உருட்டினாலும் 'ரோல்டு'. ஆங்கிலத்தில் சொல் மாறாது; "த கன் ரோல்டு", "தே ரோல்டு த கன்" என்று சொற்களின் வரிசைதான் வித்தியாசத்தைக் காட்டும். தமிழில் சொற்களை இடம் மாற்றிப் போட்டாலும் பொருள் கெடாது, ஆங்கிலத்தில் கெடும் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொரு சின்ன இடறல். "உச்சிக்குப் போய்ச் சேர்ந்தோம்" என்பதில் உள்ள 'கு' நம்மை விடாமல் துரத்திவந்து "வி ரீச்ட் டு த டாப்" என்று சொல்ல வைக்கும். "கோட்டைக்குள் நுழைந்தோம்" என்பது "என்டர்ட் இன்டு த ஃபோர்ட்" ஆகிவிடும். 'ரீச்', 'என்டர்' இரண்டும் பொருளை நேரடியாக எடுத்துக்கொள்ளும் வினைகள். நடுவில் தரகர் வேண்டாம். "ரீச்ட் த டாப்", "என்டர்ட் த ஃபோர்ட்", அவ்வளவுதான்.

நிலை வினைகள் தனி ரகம். தெரிவது, பிடிப்பது, வேண்டியிருப்பது, நம்புவது, சொந்தமாக இருப்பது: இவை செயல்கள் அல்ல, நிலைகள். ஆங்கிலத்தில் இவற்றோடு 'இங்' சேராது. "ஐ ஆம் நோயிங்" தவறு, "ஐ நோ" சரி. இதைத் தமிழர் சுலபமாகப் பிடித்துக்கொள்ளலாம். "எனக்குத் தெரிந்துகொண்டிருக்கிறது" என்று நாம் சொல்வதில்லை. "தெரியும்" என்றுதான் சொல்கிறோம். 'பிடிக்கும்', 'வேண்டும்' எல்லாம் அப்படித்தான். அப்படியானால் "ஐ ஆம் ஹேவிங் எ டவுட்" எங்கிருந்து வந்தது? "எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது" என்பதில் உள்ள 'கிறது' செய்த வேலையாக இருக்கலாம் என்பது என் கணிப்பு. 'கிறது' என்று காதில் விழுந்தவுடன் கை தானாக 'இங்'கைத் தேடுகிறது. தமிழ் 'கிறு' வெறும் நிகழ்காலம். தொடர்ந்து நடப்பதற்குத்தான் 'கொண்டிரு' இருக்கிறது. வாக்கியத்தில் 'கொண்டிரு' போட்டுப் பாருங்கள். பொருந்தினால் 'இங்' போடலாம், பொருந்தாவிட்டால் வேண்டாம். பத்துக்கு எட்டு முறை சரியாக வரும்.

மலையைப் பற்றி ஒரு வாக்கியம் சொல்வதானாலும் 'கொண்டிரு' பொருந்தாது. செஞ்சியைச் சுற்றி ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலைகள். அவை நேற்றும் நின்றன, நாளையும் நிற்கும். எந்தக் காலத்தில் சொல்வது? நன்னூல் இதற்குத் தெளிவாகவே விடை சொல்லியிருக்கிறது: மூன்று காலத்திலும் ஒரே தன்மையாக இருப்பதை நிகழ்காலத்தில் சொல்ல வேண்டும். 'மலை நிற்கின்றது' என்பதுதான் உரைகாரர் காட்டும் உதாரணமும். ஆங்கில இலக்கணமும் அதையே சொல்கிறது. மலை நிற்கிறது, சூரியன் கிழக்கே உதிக்கிறது, தண்ணீர் பள்ளத்துக்கு ஓடுகிறது என்ற மாறாத உண்மைகளுக்குச் சாதாரண நிகழ்காலம். பவணந்தி முனிவர் 13-ஆம் நூற்றாண்டில் நன்னூலில் எழுதிவைத்த விதி, ஆங்கில வகுப்பில் கைகொடுக்கிறது.

அதே நன்னூல், விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு என்ற காரணங்களால் காலம் மாறி வரலாம் என்றும் சலுகை கொடுக்கிறது. சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால் அடுத்த அறையில் இருந்துகொண்டே "இதோ வந்துட்டேன்" என்கிறோமே, அது விரைவு. இந்தச் சலுகையை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோக முடியாது. அங்கே "ஐ ஆம் கமிங்" என்றுதான் சொல்ல வேண்டும். "ஐ கேம்" என்றால் ஆள் எங்கே என்று தேடுவார்கள்.

எல்லாவற்றிலும் அதிகம் குழப்புவது 'ஹேவ்'. இதற்குக் கோட்டையின் வரலாறே நல்ல பாடம். சிவாஜி 1677-ல் செஞ்சியைப் பிடித்தார். "சிவாஜி டுக் ஜிஞ்சி இன் 1677." ஆண்டு சொல்லியாயிற்று, சங்கதி முடிந்துபோயிற்று, 'ஹேவ்' இங்கே நுழையக் கூடாது. அவர் மகன் ராஜாராம் 1689-ல் இங்கே வந்து சேர்ந்தார். அடுத்த ஆண்டு முகலாயப் படை வந்து முற்றுகை போட்டது. ஏழாண்டுக்கு மேல் இழுத்த முற்றுகை அது. 1698-ல் முகலாயத் தளபதி சுல்பிகர் கான் கோட்டைக்குள் நுழைந்தபோது ராஜாராம் இல்லை. அதற்கு முன்பே தப்பிப் போயிருந்தார்.

அந்தப் 'போயிருந்தார்' என்பதை ஆங்கிலத்தில் சொல்லுங்கள் பார்ப்போம். "வென் சுல்பிகர் கான் என்டர்ட், ராஜாராம் எஸ்கேப்ட்" என்று சொன்னால், கான் முன்வாசலில் நுழைந்ததும் ராஜாராம் பின்வாசல் வழியே ஓடினார் என்று பொருள் வரும். "ராஜாராம் ஹேட் எஸ்கேப்ட்" என்றால்தான், கான் நுழையும் முன்பே அவர் போய்விட்டார் என்றாகும். ஒரு 'ஹேட்' இருப்பதும் இல்லாததும் ராஜாராமின் கதையையே மாற்றிவிடுகிறது. இறந்தகாலத்தில் நின்றுகொண்டு அதற்கும் முந்தியதைச் சொல்லும்போது மட்டும் 'ஹேட்'. முந்தியது, பிந்தியது என்ற கேள்வியே இல்லாத இடத்தில் அதைப் போட வேண்டியதில்லை. "நேற்று நான் செஞ்சிக்குப் போயிருந்தேன்" என்று நாம் சும்மா சொல்வோம். அதை "எஸ்டர்டே ஐ ஹேட் கான் டு ஜிஞ்சி" என்று மொழிபெயர்த்தால் கேட்பவர் அடுத்த வாக்கியத்துக்காகக் காத்துக்கொண்டே இருப்பார். "ஐ வெண்ட்" போதும்.

'ஹேஸ்', 'ஹேவ்' நிகழ்காலத்தோடு ஒட்டியவை. நடந்தது முன்பு, ஆனால் அதன் பிடி இன்றும் விடவில்லை என்னும்போது வரும். "நான் ராஜகிரி ஏறியிருக்கிறேன்" என்பது "ஐ ஹேவ் கிளைம்ட் ராஜகிரி". எப்போது ஏறினீர்கள் என்பது முக்கியமில்லை. 800 அடி ஏறிய ஆள் இதோ நிற்கிறேன் என்பதுதான் சேதி. "போன ஞாயிற்றுக்கிழமை" என்று நாளைச் சேர்த்தால் உடனே 'ஹேவ்' வெளியே போய்விட வேண்டும்.

இங்கே தமிழ் நம்மை ஏமாற்றும் ஓர் இடம் இருக்கிறது. காலையில் கதவைத் திறக்கிறோம், தெரு ஈரமாக இருக்கிறது. "ராத்திரி மழை பெய்திருக்கிறது" என்கிறோம். பார்க்கவில்லை; ஈரத்தைப் பார்த்து ஊகிக்கிறோம். தமிழ் 'இரு'வுக்கு இப்படி ஊகம் சொல்லும் வேலையும் உண்டு. ஆங்கில 'ஹேவ்' தனியாக அந்த வேலையைச் செய்யாது. "இட் ஹேஸ் ரெயின்ட் லாஸ்ட் நைட்" என்றால் தப்பு. "இட் மஸ்ட் ஹேவ் ரெயின்ட் லாஸ்ட் நைட்" என்று 'மஸ்ட்' சேர்த்தால் ஊகம் வந்துவிடும். கோட்டையில் கல்தொட்டியைப் பார்த்து "இங்கே குதிரைக்குத் தண்ணீர் வைத்திருக்கிறார்கள்" என்று நாம் சொல்வதும் ஊகம்தான். அங்கேயும் 'மஸ்ட் ஹேவ்'.

'சின்ஸ்' வருகிற வாக்கியங்களும் இந்த வரிசையில்தான். "2010-லிருந்து செஞ்சியில் இருக்கிறேன்" என்பது நமக்கு நிகழ்காலம். "ஐ ஆம் லிவிங் இன் ஜிஞ்சி சின்ஸ் 2010" என்று வாய் தானாகச் சொல்லும். நேற்றிலிருந்து இன்றுவரை நீளும் காலத்தை ஆங்கிலம் 'ஹேவ்' போட்டுத்தான் சொல்லும்: "ஐ ஹேவ் பீன் லிவிங்". தொடங்கிய புள்ளியைச் சொன்னால் 'சின்ஸ்', நீளத்தைச் சொன்னால் 'ஃபார்'.

எதிர்காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. இறந்தகாலத்துக்கு 'எட்' இருப்பதுபோல எதிர்காலத்துக்கு ஆங்கில வினையில் ஒரு விகுதியே கிடையாது. அதனால் ஆங்கிலத்தில் காலம் இரண்டுதான் என்று சொல்லும் இலக்கண அறிஞர்கள் பலர். 'வில்' பழங்காலத்தில் விருப்பத்தைக் குறித்த சொல். 'கேன்', 'மஸ்ட்' போல அதுவும் ஒரு துணை வினை. நமது 'முடியும்', 'வேண்டும்' போன்றவை அவனுக்கும் அவளுக்கும் அவர்களுக்கும் மாறாமல் நிற்பதுபோல, இவையும் 'ஹி' வந்தாலும் 'எஸ்' வாங்காமல் நிற்கும். "ஹி கோஸ்", ஆனால் "ஹி கேன் கோ". பஸ் நேரம் போன்ற முன்பே நிச்சயமான எதிர்காலத்துக்கு 'வில்' கூட வேண்டாம்: "த பஸ் லீவ்ஸ் அட் ஃபைவ்".

பயிற்சிக்குப் புத்தகம் தேடி அலைய வேண்டாம். உங்கள் ஊரில் உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஓர் இடத்தைப் பற்றி, அது கோட்டையோ குளமோ சந்தையோ, ஐந்து வாக்கியம் ஆங்கிலத்தில் எழுதுங்கள். அங்கே இப்போது என்ன இருக்கிறது, முன்பு என்ன நடக்கும், ஒரு குறிப்பிட்ட ஆண்டில் என்ன நடந்தது, நீங்கள் அங்கே என்ன செய்திருக்கிறீர்கள், இந்த நிமிடம் யார் என்ன செய்துகொண்டிருக்கிறார்கள். ஒவ்வொரு வாக்கியத்திலும் முதல் வினையைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, காலம் அங்கே இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டாவது வாக்கியத்தில் 'வில்' இருந்தால் அடித்துவிட்டு 'யூஸ்டு டு' எழுதுங்கள்.